மேஸ்திரிக்குப் போட்ட மனை

பொங்கியண்ணன் மேஸ்திரி கட்டிய வீட்டைத் தெருவில் நின்று பார்த்தால் கும்பிடத் தோன்றும். உள்ளே குடியிருந்து பார்த்தால், ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே ஓடத் தோன்றும்.

நல்லூரில் நூல் தரகர் அர்த்தநாரிக்கு அவர் கட்டிக்கொடுத்த வீடு அந்த ரகம். முகப்பில் சுண்ணாம்புச் சாந்தில் இரண்டு மயில்கள், நடுவில் வேல், வேலுக்குக் கீழே 1961 என்று வருஷம். அதற்கும் கீழே, வீட்டுக்காரர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ‘கட்டடம்: குண்டடம் மேஸ்திரி பொங்கியண்ணன்’ என்று முழங்கை நீளத்துக்கு எழுத்துகள்.

“என் பேரு எங்கீங்க?” என்று அர்த்தநாரி கேட்டாராம்.

“உங்க பேருதான் பத்திரத்துல இருக்குதுங்களே, அது போதாதுங்களா?” என்றாராம் மேஸ்திரி.

அர்த்தநாரி அதுவும் நியாயம்தான் என்று தலையாட்டிவிட்டார். விற்கிறவனிடமும் கமிஷன், வாங்குகிறவனிடமும் கமிஷன் என்று வாழ்ந்த மனிதர். எந்தப் பக்கமும் கோபப்பட்டுப் பழக்கமில்லை. அந்தக் குடும்பத்துக்கு வேண்டிய கோபத்தை எல்லாம் அவர் மனைவி ஜானகியம்மாள் தன் பங்கில் சேர்த்து வைத்திருந்தாள்.

தளம் போடுவது என்றால் அப்போது லேசான வேலை இல்லை. செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து பரப்ப வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாகக் குந்தி மரக்கட்டையால் தட்ட வேண்டும். பாறையில் அடித்ததுபோலக் கட்டை எகிறி ‘ணங்’ என்று சத்தம் வருகிறவரை தட்ட வேண்டும். பிறகு தண்ணீர் வெளியேறும் தூம்பை அடைத்து, தளத்தில் குளம்போலத் தண்ணீர் கட்டி, கீழே சொட்டுகிறதா என்று பார்ப்பார்கள். சொட்டவில்லை என்றால்தான் மேஸ்திரிக்கு வேட்டி, துண்டு மரியாதை.

பொங்கியண்ணன் மயிலின் தோகைக்கு ஒரு ஆடி மாதத்தையே செலவழித்தார். தளம் தட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பனியன் கம்பெனிக்காரர் ஷெட் ஒன்று அவசரமாக வேண்டும் என்றார். மேஸ்திரி தட்டுகிற பெண்களைப் பாதியில் எழுப்பி அங்கே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். பாதி வெந்த தளத்தின் மேல் வழுவழுவென்று ஒரு பூச்சு. பார்த்தால் முகம் தெரியும்.

“தண்ணி கட்டிப் பாக்கலீங்களா?” என்றாள் ஜானகியம்மாள்.

“எம் பேரே முகப்புல நிக்குதுங்க அம்மிணி. அதுக்கு மேல என்னங்க சோதனை?” என்று சிரித்துவிட்டு, வேட்டி துண்டையும் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

முதல் ஐப்பசியில் கூடத்தில் மூன்று இடத்தில் ஒழுகியது. மேஸ்திரி வந்து அண்ணாந்து பார்த்தார்.

“புதுத் தளமுங்க. தாகமா இருக்கும். ரெண்டு மழை குடிச்சுதுன்னா அடங்கீரும்.”

அடுத்த ஐப்பசிக்கும் தாகம் அடங்கவில்லை. குடித்ததை எல்லாம் கீழே துப்பியது. மேஸ்திரி மறுபடி வந்தார், மறுபடி அண்ணாந்தார்.

“மேல வடகம் காயப் போட்டீங்களா அம்மிணி?”

“போட்டனுங்க. ஊருல எல்லாரும்தான் போடறாங்க.”

“அதானுங்க சங்கதி. உப்பு தளத்துக்கு ஆகாது.”

“வடகம் போட்டது கெழக்க. ஒழுகறது மேக்கயுங்க.”

“தண்ணிக்குக் கால் இருக்குதுங்க அம்மிணி. எங்கயோ எறங்கி எங்கயோ வரும்” என்று சொல்லி, தண்ணீருக்கு முன்னால் தாம் நடையைக் கட்டினார்.

ஜானகியம்மாள் அந்த மூன்று ஒழுகலுக்கும் பெயர் வைத்துவிட்டாள். சுவரோரம் கசிவது கடைக்குட்டி. வாசல் பக்கம் வருவதும் நிற்பதுமாக இருப்பது சம்பந்தி. நடுக்கூடத்தில், மழை விட்ட பிறகும் விடாமல் சொட்டுவதற்கு மேஸ்திரி என்று பெயர். “மேஸ்திரி வந்துட்டாரு, கொடத்த வையி” என்று மகள் ஞானாம்பாளிடம் சொல்வாள். சொட்டுகிற சத்தம் கேட்காமலிருக்கக் குடத்துக்குள் ஒரு துணியும் போட்டு வைப்பாள்.

இதுவரை தொல்லைதான்; வினை ஆவணியில் வந்தது.

தாராபுரத்திலிருந்து ஞானாம்பாளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். நல்ல இடம், பையனும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்த பார்வையிலேயே பாதி முடிந்துவிட்டது. அப்போது பார்த்து மழை, கோடை மழைபோலத் திடீரென்று பிடித்துக்கொண்டது. பையனின் அப்பாவுக்கு முழு வழுக்கை. முதல் சொட்டு அவர் காப்பியில் விழுந்தது. அதை அவர் பெரிய மனது பண்ணிக் குடித்துவிட்டார். அடுத்த சொட்டு தலையில் விழுந்தது. கூடம் முழுக்கச் சத்தம் கேட்டது. ஞானாம்பாள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

பிறகு கல்யாணத் தரகர் மூலம் சொல்லி அனுப்பினார்கள்: “மொதல்ல தளம் நிக்கட்டுமுங்க. தாலியப் பத்தி அப்பறம் பேசலாம்.”

ஜானகியம்மாள் அழவில்லை. அழுதால் அதற்கும் ஒரு குடம் வைக்க வேண்டும். அன்றைக்கு அவள் செய்தது ஒன்றுதான். வாசலுக்கு வந்து முகப்பை நிமிர்ந்து பார்த்து, அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் முருகன் கோயில் கமிட்டி கல்யாண மண்டபம் கட்ட முடிவு செய்தது. அந்த வட்டாரத்தில் அதைவிடப் பெரிய கட்டடத்தை அப்போது யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அதைக் கட்டுகிறவனுக்கு அதற்கப்புறம் வேலை தேடிப் போக வேண்டியதில்லை, வேலைதான் தேடி வரும். பொங்கியண்ணன் தினம் கோயிலுக்கு வர ஆரம்பித்தார். நெற்றியில் விபூதி நாளுக்கு நாள் அகலமானது. சஷ்டி முடிந்து திருக்கல்யாணத்தன்று மேஸ்திரி யார் என்று கமிட்டி சொல்லிவிடும், அது அவர்தான் என்று கடைவீதியில் பேச்சு.

ஜானகியம்மாள் தர்மகர்த்தா சாமியப்ப முதலியாரைப் போய்ப் பார்த்தாள். அவருக்குப் பல் இல்லை. பேசுவதும் மெல்ல, முடிவெடுப்பதும் மெல்ல.

“பெரியப்பா, அந்த ஆளு போட்ட தளம் ஒழுகுதுங்க. எம்புள்ளைக்கு வந்த எடமே அதனால போச்சுங்க.”

“கேள்விப்பட்டனம்மிணி. அவனும் சொன்னான்.”

“என்னங்க சொன்னாரு?”

“நீ மாடியில ஒரலப் போட்டு நெல்லுக் குத்தறியாமா. அப்பிடிக் குத்துனா எந்தத் தளம்தான் தாங்கும்?”

ஜானகியம்மாள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். உரலை மாடிக்குத் தூக்க அவள் வீட்டில் யார் இருக்கிறார்கள்? அர்த்தநாரி தூக்குகிற அதிகபட்ச பாரம் மூக்குப்பொடி டப்பா. இருந்தாலும் இது சந்தை வழக்கு. வாயால் சொன்ன சரக்கை வாயால் மறுத்தால் சத்தம் பெரிதாகுமே ஒழிய விலை மாறாது. சரக்கைப் பிரித்துக் காட்ட வேண்டும்.

“சரிங்க பெரியப்பா. இந்த வருஷம் விரதப் பந்தி எங்க ஊட்டுல வெச்சுக்கறமுங்க” என்றாள்.

சூரசம்ஹாரத்துக்கு மறுநாள், ஆறு நாள் விரதம் இருந்தவர்களுக்கும் கமிட்டிக்காரர்களுக்கும் யாராவது ஒரு வீட்டில் பந்தி நடக்கும். அதை நடத்தும் உரிமையைக் கேட்டு வாங்க வேண்டும். அந்தப் பந்திக்கு ஒரு சட்டம் உண்டு. தர்மகர்த்தா இலையை மூடுகிறவரை ஒருத்தரும் எழக்கூடாது. நடுவில் எழுந்தால் மொத்தப் பந்தியின் விரதமும் பழுது என்று ஐதீகம். போன தலைமுறையில் ஒருவர் தேள் கொட்டியும் பாயசம் வரை உட்கார்ந்திருந்தார் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

வீட்டுக்கு வந்து சேதியைச் சொன்னதும் அர்த்தநாரிக்கு வேர்த்துவிட்டது.

“ஏனம்மிணி, நம்மூட்டுலயா? ஐப்பசி மாசமல்லோ? மழ வந்தா மானம் போயிருமே!”

“வந்தாத்தான் வேணும்.”

“வராமப் போயிட்டா?”

அது நல்ல கேள்வி. ஜானகியம்மாளுக்கும் அதுதான் கவலை. அந்த வருஷம் ஐப்பசி வானம் கடன்காரன் மாதிரி இருட்டிக்கொண்டு வரும், ஒன்றும் கொடுக்காமல் போய்விடும். அர்த்தநாரிக்கே ஒரு யோசனை வந்தது.

“ஆள வெச்சு மாடியில நாலு கொடம் ஊத்தச் சொல்லீரலாமா?”

“வேண்டாமுங்க. அப்பறம் நம்ம தண்ணீன்னு சொல்லீருவான். முருகன் தண்ணியா இருக்கோணும்.”

சூரசம்ஹாரத்தன்று சாயங்காலம், சூரனுடைய கடைசித் தலை விழுகிற நேரத்துக்கு முருகன் தண்ணீரை அனுப்பினான். கூட்டம் சிதறி ஓடியது. நவவீரர் வேஷம் போட்ட பையன்கள் மீசை வழிய ஒரு பொடிக்கடைக்குள் புகுந்தார்கள். ஜானகியம்மாள் மட்டும் நனைந்துகொண்டே வீட்டுக்கு ஓடி, மாடி ஏறினாள். கையில் ஒரு சாக்கு. அதில் பனியன் கம்பெனியில் வெட்டிப் போட்ட துண்டுத் துணி, வேஸ்ட் என்று எடைக்குப் போடுவது. அதை உருண்டை உருண்டையாகச் சுருட்டி, மாடித் தூம்பு இரண்டிலும் திணித்து, குதிகாலால் உதைத்து இறுக்கினாள்.

மறுநாள் வெயில் பளிச்சென்று அடித்தது. வானத்தில் பஞ்சளவு மேகம் இல்லை. மாடியில் மட்டும் கணுக்கால் அளவுக்கு முதல்நாள் மழை அசையாமல் நின்றது.

பந்திக்கு அழைத்திருந்த பொங்கியண்ணன் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பியிருக்க வேண்டும். ஜரிகை வேட்டி, அகல விபூதி, முகமெல்லாம் சிரிப்பு. வாசலில் அர்த்தநாரியைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார்.

“நேத்து மழைக்கு ஏதாவது…?”

“உள்ள வாங்க” என்றார் அர்த்தநாரி. அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் பேசக்கூடாது என்று மனைவி உத்தரவு.

கூடத்தில் கமிட்டிக்காரர்கள் நின்றிருந்தார்கள். கூரையில் ஈரக்கறை தெரியாதபடி ஜானகியம்மாள் முந்தின வாரமே வெள்ளை அடித்திருந்தாள். கடைக்குட்டிக்குக் கீழே வாழையிலைக் கட்டு சாய்ந்திருந்தது. சம்பந்திக்குக் கீழே கை கழுவ அண்டா. நடுக்கூடத்தில் குடிதண்ணீர்போல ஒரு பித்தளைக் குடம்.

சாமியப்ப முதலியார் கூரையை அண்ணாந்து பார்த்தார். “இதானப்பா நீ போட்ட தளம்?”

வெயில் கொடுத்த தைரியம். “இதேதானுங்க. இந்தத் தளத்துல ஒரு சொட்டு ஒழுகுச்சுன்னா எம் பேர மாத்திக் கூப்புடுங்க” என்றார் மேஸ்திரி, எல்லார் காதிலும் விழும்படி.

“எல பாத்து உக்காருங்க” என்று ஜானகியம்மாள் குரல் கொடுத்தாள். எல்லாருக்கும் பாய். ஒரே ஒரு இடத்தில் மட்டும் குடத்தை எடுத்துவிட்டு, கோலம் போட்ட பலாப்பலகை மனையைப் போட்டாள். “மேஸ்திரிக்கு மனைங்க. ஊடு கட்டுன கைக்கு மரியாதை செய்யோணுமில்லீங்களா?”

பொங்கியண்ணன் கூச்சப்படுவதுபோல நடித்துவிட்டு, மாப்பிள்ளை மாதிரி அமர்ந்தார். நேரெதிரில் சாமியப்ப முதலியார்.

பருப்பும் நெய்யும் விழுகிறவரை ஒன்றும் நடக்கவில்லை. முதல் கவளத்தை உருட்டினார். உச்சந்தலையில் ஒரு சொட்டு. மேஸ்திரி அசையவில்லை. பக்கத்து இலைக்காரர் பார்த்தார். இரண்டாவது சொட்டு நெற்றியில் விழுந்து விபூதியின் நடுவே வாய்க்கால் வெட்டியது. மூன்றாவது நேராகப் பருப்புக் குழிக்குள்.

“ஏம்ப்பா மேஸ்திரி” என்றார் முதலியார், மென்றுகொண்டே. “வெளிய வெயில்தான அடிக்குது?”

“ஆமாங்க, நல்ல வெயிலுங்க.”

“அப்பறம் உம் மேல என்ன?”

“வேர்வைங்க.”

“அவனவனுக்கு வேர்வ உள்ள இருந்து வரும். உனக்கு மேல இருந்து வருதா?”

பந்தி குலுங்கியது. ஒருவருக்குப் புரையேறி, ஞானாம்பாள் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினாள். பொங்கியண்ணன் மனையிலேயே இடப்பக்கம் நகர்ந்து பார்த்தார். சொட்டு தோளில் விழுந்தது. வலப்பக்கம் நகர்ந்தார்; அது இலையில் சாம்பாரைத் தெறிக்கவிட்டது. மனை அவ்வளவுதான் அகலம். அதற்கு அப்பால் நகர்ந்தால், ஒழுகுகிறது என்று அவர் வாயாலேயே சொன்னதாகிவிடும்.

ஞானாம்பாள் ரசத்தோடு வந்தாள். தாராபுரத்துக்காரர் தலையில் விழுந்த சொட்டை மறக்காத பெண்.

“ரசம் தண்ணியா இருக்குதுங்களா?” என்று கேட்டாள், மரியாதையாக.

“இல்ல கண்ணு. நல்லா… நல்லா இருக்குது.”

“அப்ப இன்னொரு கரண்டி ஊத்தறனுங்க. மேல இருந்து ஊத்தறதோட கலந்து சாப்புடுங்க.”

முதலியார் கையை இலையில் ஊன்றி நிறுத்தினார். முகத்தில் சிரிப்பு இல்லை.

“பொங்கியண்ணா, இந்தத் தளத்துக்குத் தண்ணி கட்டிப் பாத்தியா?”

மேஸ்திரி ரசத்தைச் சோற்றோடு பிசையத் தொடங்கினார்.

“அவரு பாக்கலீங்க பெரியப்பா” என்றாள் ஜானகியம்மாள், கையில் பாயச வாளியோடு. “அவரு உட்டுட்டுப் போன வேலைய நேத்து நானே செஞ்சுட்டனுங்க. ரெண்டு தூம்பையும் அடைச்சேன். மழ முருகன் குடுத்தான். மேல போயி ஒரலத் தேடிப் பாருங்க, தண்ணிதான் இருக்கும்.”

கமிட்டியில் ஒருவர் ‘அட’ என்றார். மேஸ்திரி துண்டை எடுத்துக்கொண்டு எழப் போனார்.

“உக்காரு” என்றார் முதலியார். “நான் இன்னும் எல மூடலை.”

“இல்லீங்க, அவசர வேல ஒண்ணு…”

“ஆறு நாள் பட்டினி கெடந்திருக்கறோம் நாங்க. நீ எந்திரிச்சா எங்க விரதம் என்னாவறது? தளந்தான் முழுசாத் தட்டல. பந்தியாவது முழுசா உக்காரு.” பிறகு ஜானகியம்மாள் பக்கம் திரும்பினார். “அம்மிணி, பாயசம் இன்னுங் கொஞ்சம் ஊத்து. மெல்லத்தான் சாப்புடோணும், பல்லு இல்ல பாரு.”

பாயசத்துக்குப் பல் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

அவர் பாயசம் சாப்பிட்டார். மறுபடி வாங்கிச் சாப்பிட்டார். மோருக்கு இன்னும் சோறு கேட்டார். ஊறுகாயை நக்கி, அந்த மாங்காய் எந்தத் தோப்பு என்று விசாரித்தார். மற்றவர்கள் எல்லாரும் வெறும் இலையின் முன் கையைக் காய வைத்துக்கொண்டு, நிதானமாக நடு மனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியின் கை மட்டும் காயவில்லை. தோகைக்கு ஒரு ஆடி முழுக்க உழைத்த கை. அன்றைக்கு இலையில் தேங்கிய தண்ணீரை ஓரமாக வழித்துவிட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொட்டுக்கும் பந்தி முழுதும் ஒரு முறை கண் சிமிட்டியது.

கடைசியில் முதலியார் இலையை மூடினார்.

தாம்பூலம் கொடுக்கிறபோது எல்லாருக்கும் வெற்றிலை, தேங்காய், துண்டு. பொங்கியண்ணன் முறை வந்ததும் ஜானகியம்மாள் உள்ளே போய்த் தனியாக ஒரு தட்டு கொண்டுவந்தாள். அதில் வெற்றிலை பாக்கின் மேல், மஞ்சள் குங்குமம் வைத்து, புத்தம்புதுக் குடை ஒன்று படுத்திருந்தது.

“துண்டு போன தடவையே குடுத்துட்டமுங்க” என்றாள். “இது அன்னிக்கே குடுத்திருக்கோணும். மறந்துட்டேன்.”

தாம்பூலத் தட்டை வேண்டாம் என்று சொல்கிற வழக்கம் எந்தச் சாதியிலும் இல்லை. வாங்கிக்கொண்டார். கொளுத்துகிற வெயிலில், ஈரம் சொட்டச் சொட்ட, கக்கத்தில் குடையோடு அவர் தெருவில் நடந்துபோனதை நல்லூரே வாசலில் நின்று பார்த்தது.

மண்டப வேலை வேறு ஆளுக்குப் போனது. தம் பெயரை மாற்றிக் கூப்பிடச் சொல்லி அவரே கேட்டுக்கொண்டதால் ஊரும் அந்தச் சொல்லைத் தட்டவில்லை. அன்றிலிருந்து அவர் சொட்டு மேஸ்திரி. அவர் ஊரான குண்டடம் வரைக்கும் அந்தப் பெயர் அவருக்கு முன்னாலேயே பஸ் ஏறிப் போய்விட்டது.

ஜானகியம்மாள் தளத்தைப் பேர்த்தெடுத்துப் புதிதாகத் தட்ட வைத்தாள். கட்டைச் சத்தம் கடைவீதி வரை கேட்டது. தண்ணீர் கட்டிப் பார்த்து, கீழே ஒரு பொட்டு ஈரம் இல்லை என்று தெரிந்த பிறகே புது மேஸ்திரிக்கு வேட்டி கொடுத்தாள். சேதி கேட்டுத் தாராபுரத்துக்காரர்கள், தளம் நின்றுவிட்டதாமே, பேசலாமா என்று தரகரை அனுப்பினார்கள். “தளம் நின்னுருச்சுங்க. அவிய பேச்சு நிக்குமான்னு தண்ணி கட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்” என்று அனுப்பிவிட்டாள். அடுத்த தையில் ஞானாம்பாளுக்கு உள்ளூரிலேயே இடம் அமைந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் பொங்கியண்ணனே வந்தார். உளியும் சுத்தியலும் கொண்டுவந்திருந்தார். விபூதி பழைய அளவுக்குச் சுருங்கியிருந்தது.

“அம்மிணி, தளந்தான் வேறாளு வேலயாப் போச்சுங்களே. முகப்புல எம் பேரு எதுக்குங்க? கொத்தி எடுத்துட்டு, உங்கூட்டுக்காரர் பேர எழுதிக் குடுத்தர்றேன். கூலி வேண்டாமுங்க.”

அர்த்தநாரிக்கு ஆசைதான். மனைவியின் முகத்தைப் பார்த்தார், ஆசையை விழுங்கிக்கொண்டார்.

ஜானகியம்மாள் வாசலுக்கு வந்து, முகப்பை நிமிர்ந்து ஒரு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“எத்தன மழை பேஞ்சிருக்குது, ஒரு எழுத்து உதிரலீங்க பாருங்க. இந்த ஊட்டுலயே நீங்க ஒழுங்காச் செஞ்ச வேல அது ஒண்ணுதான். அதப் போயி இடிப்பாங்களா?” என்றாள். “உக்காருங்க, காப்பி குடிச்சுட்டுப் போலாம். மனை போடட்டுங்களா?”

பொங்கியண்ணன் காப்பிக்கு நிற்கவில்லை. அடுத்த பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது ஜானகியம்மாள் தனியாக நீலச் சாயம் வாங்கிவந்து, ஏணியில் ஆள் ஏற்றி, அந்தப் பெயரை மட்டும் எழுத்து எழுத்தாகப் பூசச் சொன்னாள். தெருக்கோடியிலிருந்தே படிக்கத் தெரிகிறதா என்று அங்கே நடந்துபோய் நின்றும் பார்த்துக்கொண்டாள்.